ஆல்புமினுக்கும் முன்னால்: சர்க்கரை நோயில் சிறுநீரகச் சேதத்தைச் சிறுநீரிலேயே முந்திக் கண்டறிய முடியுமா?

சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெடுவது வலியில்லாமல் நடக்கிறது. காய்ச்சல் கிடையாது, எரிச்சல் கிடையாது, சிறுநீரின் அளவும் குறைவதில்லை. கால் வீங்கி, முகம் உப்பி, மருத்துவர் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லி, அறிக்கையில் அந்த எண்ணுக்கு நேராகத் தடித்த எழுத்து விழுந்த பிறகுதான் "உப்பு கூடிருச்சாம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி போன பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் கண்ணில் படும் அளவுக்கு ஏறும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோயின் தொடக்க ஆண்டுகளில் பலருக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டுகிறது. சேதத்துக்கு விதை விழும் அந்தக் காலத்தில்தான் கிரியாட்டினின் மிக நன்றாக இருப்பதாக அறிக்கை சொல்லும்.

இரத்தம் தாமதமாகச் சொல்வதைச் சிறுநீர் முன்கூட்டியே சொல்லுமா என்ற தேடல் அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. கிம்-1, என்கால், எல்-ஃபேப், நெஃப்ரின், இ.ஜி.எஃப்., அடினின் என்று குறிகாட்டிகளின் பெயர்கள் பெருகிவிட்டன. மருத்துவ இதழ்களில் மாதந்தோறும் புதிய ஆய்வுகள் வருகின்றன. ஆனால் சென்னையிலோ லண்டனிலோ ஒரு சர்க்கரை நோய் மருத்துவர் இன்றும் எழுதிக் கொடுப்பது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனையைத்தான். புதிய குறிகாட்டிகளில் பல உண்மையான சேதத்தையே காட்டுகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சேதத்தைக் காட்டினால் மட்டும் ஒரு பரிசோதனைக்கு மருத்துவமனையில் இடம் கிடைத்துவிடாது. அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் எதை மாற்றிச் செய்வார், அப்படிச் செய்தால் அந்த நோயாளியின் சிறுநீரகம் பிழைக்குமா என்பதற்கும் விடை வேண்டும். அந்த இடத்தில்தான் இந்தத் துறை தடுமாறி நிற்கிறது.

ஆல்புமின் எப்படி இந்த இடத்தைப் பிடித்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அது முட்டை வெள்ளைக்கரு போலத் திரிகிறதா என்று பார்த்தவர் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட். அது 1820-களின் கதை. 1936-ல் கிம்மெல்ஸ்டீலும் வில்சனும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் வடிமுடிச்சுகளில் உருண்டை உருண்டையான தழும்புகளைக் கண்டு எழுதினார்கள். அப்போதும் புரதம் சிறுநீரில் வெளிப்படையாக ஒழுகிய பின்னரே நோய் தெரிந்தது. திருப்பம் வந்தது 1963-ல். அதே கைஸ் மருத்துவமனையில் ஹாரி கீன் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர் குளோவராகிஸும் கதிரியக்க முறையைப் பயன்படுத்தி, கொதிக்க வைத்தாலும் திரியாத மிக நுண்ணிய அளவு ஆல்புமினை அளந்து காட்டினார்கள்.

அளக்க முடிந்தது. அதனால் என்ன பயன் என்பது தெரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1966–67-ல் இன்சுலின் போட்டுவந்த நோயாளிகளிடமிருந்து இரவு முழுவதும் சேகரித்த சிறுநீரில் ஆல்புமினை அளந்து வைத்திருந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர்களில் 63 பேரைத் தேடிக் கண்டுபிடித்தது கீன், விபெர்ட்டி ஆகியோரின் குழு. நிமிடத்துக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் ஆல்புமின் கசிந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஏழு பேருக்குப் பின்னாளில் முழுமையான புரத ஒழுக்கு வந்திருந்தது. அந்த அளவுக்குக் கீழே இருந்த 55 பேரில் இரண்டே பேருக்குத்தான் வந்தது. 1982-ல் வெளியான இந்தச் சிறிய கணக்கின் மேல்தான் 'மைக்ரோ ஆல்புமின்' என்ற பரிசோதனை முழுவதும் எழும்பி நிற்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலிருந்து மோகென்சன், நடுவயதில் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று காட்டினார். அவர் சொன்ன இன்னொரு செய்தி கனமானது: நுண்ணிய ஆல்புமின் கசிவு உள்ளவர்கள் சிறுநீரகம் கெடும் முன்பே இதய நோயால் இறந்துபோகும் வாய்ப்பும் அதிகம்.

2001-ல் வெளியான இர்பெசார்ட்டான் மருந்து ஆய்வு இந்த அடித்தளத்துக்கு மேல் கூரை வேய்ந்தது. நுண்ணிய கசிவு உள்ள 590 இரண்டாம் வகை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 14.9 சதவீதம் பேர் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். நாளுக்கு 300 மில்லிகிராம் மருந்து பெற்றவர்களில் 5.2 சதவீதம் பேரே போனார்கள். ஒரு குறிகாட்டி, அதற்கு ஏற்ற ஒரு மருந்து, மருந்தால் மாறிய ஒரு முடிவு. மூன்றும் சேர்ந்ததால்தான் ஆல்புமின் வழக்கத்துக்கு வந்தது. பின்னால் வந்த எல்லாப் போட்டியாளர்களையும் இந்த மூன்றையும் கொண்டே நாம் அளக்க வேண்டும்.

ஆனால் ஆல்புமினின் குறைகளும் மெல்ல வெளியே வந்தன. பாஸ்டனின் ஜோஸ்லின் மையத்தில் முதல் வகை நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணிய கசிவு கண்டவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் 58 சதவீதம் பேருக்கு அது பின்வாங்கியிருந்தது. எட்டில் ஏழு என்ற பழைய கணக்கு எங்கே, இது எங்கே! சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் நன்றாகக் கட்டுப்படுத்தும் காலம் வந்தது ஒரு காரணம். இதன் மறுபக்கம் இன்னும் கவலை தருவது. இங்கிலாந்தின் நீண்டகால சர்க்கரை நோய் ஆய்வான யு.கே.பி.டி.எஸ்.-ஸில் வடிகட்டும் திறன் குறைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதற்கு முன் ஆல்புமின் கசிவே இருந்ததில்லை. ஆல்புமின் கசியாமலேயே சிறுநீரகம் சுருங்கும் ஒரு வழி இருக்கிறது, அதில் பலர் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள்.

இது ஏன் என்று விளங்கச் சிறுநீரகத்தின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு வடிமுடிச்சு. அதன் கீழே நீளும் நுண்குழல். வடிமுடிச்சுகள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடித்துத் தர, நுண்குழல் அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மீதியை இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆல்புமின் கசிவு என்றால் வடிமுடிச்சில் ஓட்டை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஆரோக்கியமான வடிமுடிச்சும் கொஞ்சம் ஆல்புமினைக் கீழே விடுகிறது. நுண்குழலின் செல்கள் மெகாலின், கியூபிலின் என்ற பிடிகளால் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆகவே சிறுநீரில் ஆல்புமின் வந்தால் மேலே ஓட்டை விழுந்திருக்கலாம், அல்லது கீழே இழுக்கும் செல்கள் சோர்ந்திருக்கலாம். ஆல்புமின் இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

நுண்குழலுக்கு நோயில் பெரிய பங்கு உண்டு. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் வடியும் நீரிலும் சர்க்கரை கூடும். அதைத் திருப்பி இழுக்க எஸ்.ஜி.எல்.டி.-2 என்ற கடத்தி மிகையாக வேலை செய்யும். சர்க்கரையோடு சோடியமும் உள்ளே போவதால், கீழ்ப்பகுதிக்கு உப்பு குறைவாக வந்து சேரும். 'இரத்த ஓட்டம் போதவில்லை' என்று சிறுநீரகம் தவறாகப் புரிந்துகொண்டு வடிமுடிச்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டிவிடும். தொடக்க ஆண்டுகளில் வடிகட்டல் மிகுவதன் பின்னால் இந்தத் தவறான செய்தி இருக்கிறது. நுண்குழல் செல்கள் பருத்து, ஆக்சிஜனுக்குத் தவித்து, நாளடைவில் தழும்பாகின்றன. வடிமுடிச்சு கெடுவதற்கு முன்பே, அல்லது அதோடு கூடவே, நுண்குழல் வதங்குகிறது என்றால் அதன் அடையாளத்தைச் சிறுநீரில் தேடுவதுதானே முறை? அந்தச் செல்களைத் தொட்டுக்கொண்டுதான் சிறுநீர் ஓடுகிறது.

அப்படித் தேடியதில் கிடைத்தவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது கிம்-1. ஆரோக்கியமான சிறுநீரகத்தில் இந்தப் புரதத்தைப் பார்ப்பதே அரிது. நுண்குழல் செல்லுக்கு அடிபட்டால் அது செல்லின் மேற்பரப்பில் முளைக்கிறது. பக்கத்தில் செத்துக் கிடக்கும் செல்களை விழுங்கி அப்புறப்படுத்த உதவுகிறது. பிறகு அதன் வெளிப்பகுதி நறுக்குண்டு சிறுநீரில் விழுகிறது. அடி படாமல் சிறுநீரில் எளிதில் வராத ஒரு பொருள். இப்படித் துல்லியமான சாட்சி மருத்துவத்தில் எளிதில் கிடைக்காது. 1990-களின் இறுதியில் இதைக் கண்டறிந்தார்கள். 2008-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள், புதிய மருந்துகள் எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றனவா என்று அறிய கிம்-1 உள்ளிட்ட ஏழு சிறுநீர்க் குறிகாட்டிகளை ஏற்றுக்கொண்டன. ஜோஸ்லின் மையத்தின் நோயாளிகளிலும் ஒரு நல்ல பொருத்தம் தெரிந்தது. நுண்ணிய ஆல்புமின் கசிவு பின்வாங்கியவர்களுக்குக் கிம்-1, என்.ஏ.ஜி. என்ற இரண்டு நுண்குழல் குறிகாட்டிகளும் தாழ்ந்தே இருந்தன. யாருக்குக் கசிவு நின்றுபோகும், யாருக்குத் தொடரும் என்பதை நுண்குழலின் நிலை தீர்மானிக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

ஜப்பான் வேறொரு குறிகாட்டியில் நம்பிக்கை வைத்தது. எல்-ஃபேப் என்பது கொழுப்பு அமிலத்தைத் தாங்கிச் செல்லும் சிறிய புரதம். கல்லீரலில் நிறைய உண்டு, நுண்குழலிலும் உண்டு. அங்கே ஆக்சிஜன் குறைந்து நச்சுக் கொழுப்பு சேரும்போது, செல் அதைச் சுமந்துகொண்டு சிறுநீருக்குள் கொட்டுகிறது. செல் சாவதற்கு முன்பே, தவிக்கும்போதே வெளிவருவது இதன் சிறப்பு. 2011-ல் ஜப்பானின் அரசு மருத்துவக் காப்பீடு இந்தப் பரிசோதனைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. சர்க்கரை நோய்ச் சிறுநீரகத்துக்கான நுண்குழல் குறிகாட்டிகளில் இந்த அளவு நடைமுறைக்கு வந்தவை மிகக் குறைவு.

என்கால் பற்றி விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் அது கெட்டிக்காரக் குறிகாட்டி. ஆனால் வெள்ளை அணுக்களிலிருந்தும் வருவதால் சிறுநீர்த் தொற்று இருந்தாலே ஏறிவிடும். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்குத் தொற்று எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது தெரிந்தவர்களுக்கு இது சின்னக் குறையாகத் தோன்றாது. நுண்குழலின் நிலையைக் காட்டும் இன்னொன்றான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் சிறுநீர்ப்பையிலேயே சிதைந்துவிடுகிறது. அந்த வகையில் ஆல்பா-1 மைக்ரோகுளோபுலின் மேலானது.

வடிமுடிச்சின் பக்கமும் புதிய சாட்சிகள் உண்டு. வடிமுடிச்சை வெளியிலிருந்து விரல்கள் கோத்தாற்போல் அணைத்துக்கொண்டிருக்கும் செல்களுக்குப் போடோசைட் என்று பெயர். இவற்றை இழந்தால் ஈடு செய்வது கடினம். சர்க்கரை நோயில் இவை ஒவ்வொன்றாகக் கழன்று சிறுநீரில் போகின்றன. அவற்றின் விரலிடுக்குகளில் இருக்கும் நெஃப்ரின் என்ற புரதத்தின் துணுக்குகள், ஆல்புமின் அளவு இயல்பாக இருக்கும் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் சிறுநீரில் கிடைத்ததாக ஒரு சிறிய ஆய்வு காட்டியது. முந்திக் காட்டும் திறனில் இதை மிஞ்ச ஆளில்லை என்றே தோன்றும். சிக்கல் அளப்பதில் இருக்கிறது. ஓர் ஆய்வுக்கூடத்தின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போகும்படி ஒரு பொது அளவுகோல் அமையும்வரை இது ஆராய்ச்சிப் பொருளாகவே இருக்கும்.

இவற்றுக்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மற்றவை எல்லாம் சேதத்தால் ஏறுபவை. இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியோ நல்ல நுண்குழல் செல்கள் சுரந்து சிறுநீரில் விடுவது. நுண்குழல் அழிய அழிய இது குறையும். உயிரோடு எத்தனை மீந்திருக்கிறது என்று சொல்லும் கணக்கு. 2015-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு சிறுநீரகத் திசுவின் மரபணுச் செயல்பாட்டிலிருந்து தொடங்கி இந்தக் குறிகாட்டியை வந்தடைந்தது. அழற்சியைக் காட்டும் எம்.சி.பி.-1 ஏறுவதையும் இது இறங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் வேகமாகக் கெடும் சிறுநீரகத்தை அடையாளம் காண முடியும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது.

ஒற்றைப் புரதத்தைத் துரத்துவதை விட்டு, சிறுநீரில் உள்ள நூற்றுக்கணக்கான புரதத் துணுக்குகளின் கோலத்தை மொத்தமாகப் படித்தால் என்ன என்று ஜெர்மனியின் ஹனோவரில் ஒரு குழு யோசித்தது. 273 துணுக்குகளைக் கொண்ட அந்தப் பரிசோதனையின் பெயர் சி.கே.டி.273. துணுக்குகளில் பெரும்பாலானவை கொலாஜன் சிதைவுகள். சிறுநீரகத்தில் தழும்பு கட்டத் தொடங்கும்போது கொலாஜன் வழக்கம்போல் சிதைந்து வெளியேறுவதில்லை, அது சிறுநீரில் தெரியும் என்பது அடிப்படை.

இந்தப் பரிசோதனையை வைத்து நடத்திய பிரயாரிட்டி ஆய்வைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். இந்தத் துறை மனம்வைத்து, முறைப்படி, பெரிய அளவில் எடுத்த தேர்வு அது. பத்து ஐரோப்பிய நாடுகளில் 15 மையங்கள். ஆல்புமின் இயல்பாக உள்ள இரண்டாம் வகை நோயாளிகள் 1,775 பேர். சி.கே.டி.273-ன்படி 216 பேர், அதாவது 12 சதவீதம், 'அபாயம் அதிகம்' என்று குறிக்கப்பட்டார்கள். அவர்களில் 209 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு பிரிவுக்கு ஸ்பைரனோலாக்டோன் 25 மில்லிகிராம், மற்றதற்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். முடிவுகள் 2020-ல் வந்தன. அபாயம் அதிகம் என்றவர்களில் 28 சதவீதம் பேருக்கு நுண்ணிய ஆல்புமின் கசிவு வந்தது. குறைவு என்றவர்களில் 9 சதவீதம். பரிசோதனை சொன்னது பலித்தது. மருந்து பலிக்கவில்லை. ஸ்பைரனோலாக்டோன் எடுத்தவர்களில் 25 சதவீதம், எடுக்காதவர்களில் 33 சதவீதம் பேருக்குக் கசிவு வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்கலாம் என்று கணக்கு சொல்லிவிட்டது.

பெரும்பாலோர் இந்த ஆய்வை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அட்டவணையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 216 பேரில் 28 சதவீதம் என்றால் 61 பேர். மீதி 1,559 பேரில் 9 சதவீதம் என்றால் 139 பேர். நுண்ணிய கசிவு வந்த 200 பேரில் 139 பேர் 'அபாயம் குறைவு' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்! பரிசோதனை தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு அபாயம் மும்மடங்கு என்று சரியாகச் சொல்லும் பரிசோதனைகூட, நோய் வரப்போகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கைத் தவறவிடலாம். 'மும்மடங்கு அபாயம்' என்ற தலைப்போடு வரும் குறிகாட்டிச் செய்திகள் எல்லாவற்றையும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். இன்னொன்று, ஆல்புமினை முந்தவேண்டிய பரிசோதனை வென்றதா தோற்றதா என்பதை ஆல்புமினை வைத்தே தீர்ப்புச் சொன்னார்கள். ஆல்புமின் கசியாமல் கெடும் சிறுநீரகங்கள் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. வடிகட்டும் திறன் குறையும் வரை காத்திருந்து பார்க்கப் பத்து ஆண்டுகளும் பெரும்பணமும் வேண்டும் என்பதால் இப்படிக் குறுக்குவழி எடுக்கிறார்கள்.

ஒற்றைப் புரதங்களும் இதே சுவரில்தான் முட்டின. பின்லாந்தில் ஆயிரக்கணக்கான முதல் வகை நோயாளிகளைப் பின்தொடரும் ஃபின்டயேன் ஆய்வில், எல்-ஃபேப் ஏறியவர்களுக்கு நோய் முற்றியது உண்மைதான். ஆனால் ஆல்புமின் எண் ஏற்கெனவே கையில் இருக்கும்போது எல்-ஃபேப் எண்ணால் முன்கணிப்பு கூடவில்லை. கிம்-1 கதையும் ஏறக்குறைய இதுவே. இந்த இரண்டும் பயனற்றவை என்று முடிவு கட்டுவது அவசரம். ஆல்புமின் ஏற்கெனவே கசியும் நோயாளிகளில் ஆல்புமினோடு போட்டி போடச் சொன்னால் எது வெல்லும்? புதிய குறிகாட்டி ஒளி காட்ட வேண்டிய இடம் ஆல்புமின் இருட்டாக இருக்கும் இடம். அந்த நோயாளிகளிடம் நடத்திய நீண்ட ஆய்வுகள் இன்னும் போதவில்லை.

அந்த இருட்டில் அண்மையில் ஒரு புதிய விளக்கு தெரிகிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் குமார் சர்மா தலைமையிலான குழு, சிறுநீரில் புரதத்தை விட்டு வளர்சிதைப் பொருள்களைத் தேடியது. 2023-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அடினின் என்ற சிறிய மூலக்கூறு முன்னணிக்கு வந்தது. சிறுநீரில் அடினின் கூடியவர்கள், ஆல்புமின் இயல்பாக இருந்தாலும், பின்னாளில் சிறுநீரகச் செயலிழப்பை நோக்கிப் போனார்கள். அமெரிக்க நோயாளிகளோடு சிங்கப்பூர் நோயாளிகளின் மாதிரிகளிலும் இது தெரிந்தது. இதில் எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு விஷயம். சிறுநீரகத் தழும்புகளின் இடத்திலேயே அடினின் குவிந்திருப்பதைப் பார்த்தார்கள். எலிகளில் அடினின் உருவாவதைத் தடுத்தபோது சேதம் குறைந்தது. இது மனிதர்களிலும் நின்றால், அடினின் நோயைக் காட்டிக்கொடுப்பதோடு அதை உண்டாக்குவதிலும் பங்குள்ளது என்றாகும். அப்போது அந்த எண்ணும் அதற்கான மருந்தும் ஒரே இடத்திலிருந்து பிறக்கும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். முன்கணிப்பில் இதுவரை மிக வலுவாக நின்றவை இரத்தக் குறிகாட்டிகள். ஜோஸ்லின் குழு 2012-ல் காட்டிய டி.என்.எஃப். ஏற்பிகள் அவற்றில் முதன்மையானவை. அந்த ஏற்பிகளையும் இரத்தத்தில் உள்ள கிம்-1-ஐயும் சேர்த்த ஒரு பரிசோதனைக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஏற்கெனவே சிறுநீரக நோய் தொடங்கிவிட்டவர்களுக்கானது. முந்திக் கண்டறியும் பணி சிறுநீரிடமே மிச்சமிருக்கிறது.

சிறுநீரை அளப்பதில் உள்ள தொல்லைகள் தனி. காலைச் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும், தண்ணீர் குடித்த பின் நீர்த்துப்போகும். இதைச் சரிக்கட்ட எந்தக் குறிகாட்டியையும் சிறுநீர்க் கிரியாட்டினினால் வகுக்கிறார்கள். ஆல்புமினை இப்படி வகுத்து வரும் விகிதத்தைத்தான் ஏ.சி.ஆர். என்று எழுதுகிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த, தசை வற்றிய வயதானவருக்கு வகுக்கும் எண் சிறிதாகி, விகிதம் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மாதவிலக்கு, சிறுநீர்த் தொற்று எல்லாமே எண்ணைக் கலைக்கும். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மட்டுமே உறுதிசெய்யச் சொல்கிறார்கள். ஒரே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் தொலைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதால் அவருடைய சிறுநீரகக் கேடு சர்க்கரையால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் உழவர்களைத் தாக்கும், காரணம் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய் முதன்மையாக நுண்குழலையும் அதைச் சுற்றிய திசுவையும் தின்கிறது. அங்கே புரத ஒழுக்கு மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சர்க்கரை நோயாளிக்குக் கிம்-1 ஏறினால் குற்றவாளி யார்? வெயிலில் வேலை செய்து வற்றிய உடலா, வலி மாத்திரையா, சர்க்கரையா? நுண்குழல் குறிகாட்டிகள் சேதம் நடந்த இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

இனி நம் பக்கம். சென்னை நகர்ப்புற, கிராமப்புறக் கொள்ளைநோயியல் ஆய்வில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட கணக்கின்படி, சென்னையில் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 26.9 சதவீதம் பேருக்கு நுண்ணிய ஆல்புமின் கசிவு இருந்தது. முற்றிய நிலை 2.2 சதவீதமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் காப்பாற்றக்கூடிய சிறுநீரகங்கள் இருக்கின்றன. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. கால்பங்கு என்று வைத்தாலும் இரண்டரைக் கோடிப் பேர். அவர்களில் எத்தனை பேர் ஏ.சி.ஆர். என்ற மூன்று எழுத்தைத் தங்கள் சீட்டில் பார்த்திருப்பார்கள்?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடப்பது பட்டைப் பரிசோதனை. பட்டையின் நுனியில் சாயம் தோய்ந்த சிறு மஞ்சள் கட்டம். சிறுநீரில் முக்கி எடுத்து ஒரு நிமிடம் பார்த்தால், புரதம் இருந்தால் பச்சைக்கு மாறும். செலவு சில ரூபாய். தமிழ்நாட்டில் அரசு நிலையங்களில் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு 2023 முதல் இதை முனைந்து செய்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் லிட்டருக்கு நூறு, இருநூறு மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால்தான் அந்தக் கட்டம் நிறம் மாறும். அதற்குக் கீழே உள்ள, மருந்தால் திருப்பக்கூடிய காலம் அந்தப் பட்டையில் மஞ்சளாகவே இருந்துவிடும். 'நில்' (இல்லை) என்று வந்ததைப் பார்த்து நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். எனக்கு வருத்தமெல்லாம் இதில்தான். நுண்ணிய ஆல்புமினை அளக்கும் முறை தெரிந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன, செலவும் சில நூறு ரூபாய்தான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய்ச் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அதே பையில் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சிறுநீர்க் குப்பியையும் சேர்த்து மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது முடியாத காரியம் ஆகாது. கிம்-1 எப்போது வரும் என்று காத்திருப்பதைவிட இதில் பிழைக்கும் சிறுநீரகங்கள் அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன்.

புதிய குறிகாட்டிகளின் மதிப்பு மருந்துகளால் மாறிக்கொண்டும் இருக்கிறது. முன்பு முந்திக் கண்டுபிடித்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. 2009-ல் வெளியான ராஸ் ஆய்வில் ஆல்புமின் இயல்பாக இருந்த 285 முதல் வகை நோயாளிகளுக்கு எனலாப்ரில், லோசார்ட்டான் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து, ஐந்து ஆண்டுச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். விழித்திரைக்கு நன்மை இருந்தது, சிறுநீரகத் திசுவில் மாற்றமில்லை. ஆல்புமின் கசிந்த பின் உதவும் மருந்து அதற்கு முன்பும் உதவும் என்று எண்ணிக்கொள்ள முடியாது என்பதே அந்த ஆய்வு தந்த அடி. எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான்கள் நிலைமையை மாற்றியிருக்கின்றன. நுண்குழலின் அந்த மிகை உழைப்பையே அவை நிறுத்துகின்றன. 2019-ன் கிரெடென்ஸ் ஆய்வு, ஆல்புமின் அதிகம் கசிந்தவர்களுக்குச் சிறுநீரக அபாயம் 30 சதவீதம் குறைவதைக் காட்டியது. டாபாகிளிஃபுளோசின் எடுத்தவர்களின் சிறுநீரில் கிம்-1 இறங்குவதையும் சிறிய ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 2020-ல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் தயாரிக்க, விலை சரிந்தது.

அப்படியென்றால் எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் போகிறது, குறிகாட்டி எதற்கு என்று சில மருத்துவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடை அவ்வளவு எளிதல்ல. இந்தத் தடுப்பான்களால் பிறப்புறுப்புத் தொற்றும், சிலருக்கு ஆபத்தான கீட்டோன் சேர்க்கையும் வருகின்றன. பின்னால் வந்த ஃபைனரெனோன், செமாகுளூடைட் போன்ற மருந்துகள் அறிமுகமானபோது விலை கூடியவையாக இருந்தன. எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. வேகமாகக் கெடப்போகும் சிறுநீரகம் யாருடையது என்று சொல்லும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அந்த இடத்தில் உண்மையான வேலை இருக்கிறது.

அதை உறுதிப்படுத்தத் தேவையான ஆய்வின் வடிவம் தெளிவாகவே தெரிகிறது. ஆல்புமின் இயல்பாக உள்ள சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்க வேண்டும். எல்-ஃபேப், கிம்-1, அடினின், இ.ஜி.எஃப். நான்கையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் அளக்க வேண்டும். நுண்குழல் சேதம் தெரிகிறவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான் கொடுக்க வேண்டும். முடிவை ஆல்புமினில் தேடாமல், ஆண்டுக்கு எவ்வளவு வடிகட்டும் திறன் சரிகிறது என்ற கணக்கில் மூன்று, நான்கு ஆண்டுகள் பார்க்க வேண்டும். குறிகாட்டி ஏறாதவர்களையும் அதே கவனத்தோடு பின்தொடர வேண்டும். பிரயாரிட்டியின் அந்த 139 பேர் சொன்ன பாடம் அது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் மலிவான மருந்துக்கும் குறைவில்லாத தமிழ்நாட்டில் இதைத் தொடங்க, பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே முறையில் சிறுநீரைச் சேகரித்து, மைனஸ் எண்பது டிகிரியில் சேமித்து வைக்க ஒப்புக்கொண்டால் முதல் படி முடிந்துவிடும்.